ஏற்காட்டுக் காப்பித் தோட்டமும் முப்பது சதவீத இலக்கும்

மதிப்பிற்குரிய நண்பருக்கு, வணக்கம்.

உயிரினங்களைக் காக்க 2030க்குள் 30 சதவீத நிலம் ஒதுக்கப்படும் என்பதால், ஏற்காட்டிலுள்ள உங்கள் ஆறு ஏக்கர் காப்பித் தோட்டம் பறிபோகும் முன் பழைய அத்தி, நாவல், பலா மரங்களை வெட்டி முழுவதும் சில்வர் ஓக் வைத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து கோடரியை எடுக்காதீர்கள்.

2022 டிசம்பரில் கனடாவின் மான்ட்ரியலில் நடந்த ஐ.நா. பல்லுயிர் மாநாட்டில் நாடுகள் ஏற்றுக்கொண்ட அந்த இலக்கு உலக நிலப்பரப்பு முழுமைக்குமான கணக்கு. ஏற்காட்டில் நூற்றுக்கு முப்பது ஏக்கரை எடுத்துக்கொள்வதாக அதில் எங்கும் இல்லை. மேலும், சரணாலயங்களும் தேசியப் பூங்காக்களும் மட்டுமன்றி, மக்கள் பயன்பாட்டில் இருந்துகொண்டே உயிரினங்களை நெடுங்காலம் காக்கும் இடங்களும் அந்தக் கணக்கில் சேரலாம் என்றும், பழங்குடியினர், உள்ளூர் மக்கள் ஆகியோரின் உரிமைகள் மதிக்கப்பட வேண்டும் என்றும் அதே வாசகம் கூறுகிறது. தனியார் நிலத்தை அவ்வாறு அங்கீகரிக்க உரிமையாளரின் சம்மதம் வேண்டும் என்பதே சர்வதேச வழிகாட்டுதல்.

எனக்கு உண்மையான கவலை தருவது உங்கள் மரங்கள்தான். ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையில் சோலைக்காடு துண்டு துண்டாகவே எஞ்சியிருப்பதால், ஒரு துண்டிலிருந்து மற்றொன்றுக்குப் பறவைகள் கடந்து செல்லவும், அவற்றின் எச்சத்தோடு விதைகள் பரவவும், இடையிலுள்ள நிழல் காப்பித் தோட்டங்களே பாலமாக நிற்கின்றன. அத்தியின் பழமோ மற்ற மரங்கள் காய்க்காத மாதங்களிலும் பறவைகளுக்கு இரையாகிறது. சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம். அது நேராக வளரும், மிளகுக் கொடி ஏற்றவும் உதவும். ஆனால் பழந்தின்னிகளுக்கு அதில் உணவில்லை.

நிழல் மிகுந்து மகசூல் குறைந்தால் மழைக்கு முன் கிளைகளை மட்டும் கழியுங்கள். பட்டா நிலமாயினும், மரத்தையே வெட்டும் எண்ணமிருந்தால் முதலில் வனச்சரக அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள்.