கேம் செய்ய ஆசைப்படும் மகளுக்கு எந்த டேப்லெட்?

அண்ணே, ராமநாதபுரம் கடையில் எழுதிக் கொடுத்த விலைச்சீட்டைப் பார்த்தேன். ஐபேட், அதோடு யூ.எஸ்.பி-சி வகை ஆப்பிள் பென்சில், ரெண்டும் சேர்த்து 40,000-ஐத் தாண்டுகிறது. தவணை போட்டுத் தருகிறோம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். தயவுசெய்து இன்னும் கையெழுத்துப் போடாதீர்கள். ஐபேட் நல்ல பொருள்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் மகள் கேட்பது மொபைல் கேம் செய்ய ஒரு கருவி. அந்தச் சீட்டில் இருப்பதை வாங்கினால் கேமும் முழுதாக வராது, படமும் அவள் கைக்கு ஏற்ற மாதிரி வராது.

முதலில் கேமைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மொபைல் கேமில் படம் வரைவது ஒரு வேலை. அந்தப் படத்தை நகரவைத்து, தொட்டால் என்ன நடக்கவேண்டும், மோதினால் என்ன ஆகவேண்டும் என்று நிரல் எழுதிக் கோர்ப்பது இன்னொரு வேலை. வல்லத்தை, அதாவது படகைக் கட்டுகிற ஆசாரி ஒருவர், அதற்கு வண்ணம் அடிப்பவர் வேறொருவர் என்பது போலத்தான். டேப்லெட் வண்ணம் அடிக்கிற பக்கத்துக்குத்தான் உதவும். கேம் செய்பவர்கள் பெரும்பாலும் பயன்படுத்துகிற யூனிட்டி மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் கணினிகளில்தான் ஓடும். ஐபேடிலோ ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலோ அதை நிறுவ முடியாது. கேம் செய்ய காடோ (Godot) என்று இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது. அது ஆண்ட்ராய்டிலும் திறக்கும். ஆனால் கீபோர்டு இல்லாமல் சின்னத் திரையில் நிரல் எழுதிப் பழகுவது, அதுவும் புதிதாகத் தொடங்குகிற பிள்ளைக்கு, வெறுத்துப்போகும்.

அதனால் நான் கேட்கும் முதல் கேள்வி: வீட்டில் கணினி இருக்கிறதா? மூத்தவனுக்கு பிளஸ் டூவில் கிடைத்த அரசு மடிக்கணினி அலமாரியில் கிடக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னீர்கள். அதுதான் இப்போதைக்கு உங்கள் வீட்டின் முக்கியமான சொத்து. பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. காடோவின் 3-ஆம் பதிப்பு பழைய கணினிகளிலும் ஓடக்கூடியது. சின்ன 2டி கேம் செய்ய அது போதும். செய்த கேமைச் சோதித்துப் பார்க்க உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனே நல்ல கருவி. சாதாரண போனில் திணறாமல் ஓடினால்தான் அது கேம்.

இனி வரைவதற்கு வருவோம். அவள் கோடு போடாத நோட்டில் பால்பாயிண்ட் பேனாவால் வரைந்த ஆவுளியா (கடல்பசு) படங்களை அனுப்பியிருந்தீர்களே, அவற்றை நிதானமாகப் பார்த்தேன். கடல்புல்லை மேயும்போது கிளம்புகிற கலங்கலைப் புள்ளி புள்ளியாக வைத்திருக்கிறாள். முதுகுக் கோடு தலைப்பக்கம் மெலிசாகத் தொடங்கி, வயிற்றுக்கு வரும்போது அழுத்தமாகி, வாலில் மறுபடி மெலிகிறது. சாதாப் பேனாவில் இதைக் கொண்டுவருவது சுலபமில்லை. கையின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தே அவள் படம் வரைகிறாள். கடைச்சீட்டில் இருக்கும் அந்த யூ.எஸ்.பி-சி பென்சிலுக்கோ அழுத்தத்தை உணரும் திறனே கிடையாது. மெதுவாக வைத்தாலும் அழுத்தி வைத்தாலும் ஒரே மாதிரி கோடுதான். பாடக்குறிப்பு எடுக்க அது போதும். இந்தக் கைக்குப் போதாது. முதல் தலைமுறை ஆப்பிள் பென்சில், பென்சில் ப்ரோ போன்றவற்றில் அழுத்தம் உணரும் வசதி உண்டு. ஆனால் எல்லாப் பென்சிலும் எல்லா ஐபேடோடும் சேராது. விலை குறைந்ததை ஜோடி சேர்த்துத் தந்துவிடுகிறார்கள், வாங்குகிறவருக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிகிறது.

நான் உங்களுக்குச் சொல்வது திரை இல்லாத பென் டேப்லெட். கறுப்புப் பலகை மாதிரி இருக்கும், கணினியோடு ஒயரில் சேரும், கூடவே ஒரு பேனா வரும். வேக்கம், ஹுயான், எக்ஸ்பி-பென் என்று பல நிறுவனங்கள் செய்கின்றன. சின்ன அளவு 5,000 ரூபாய்க்குள் கிடைக்கும். இவற்றில் பெரும்பாலான பேனாக்களுக்கு பேட்டரியே வேண்டாம், சார்ஜும் போடவேண்டாம். அழுத்தம் 4,096 நிலை, 8,192 நிலை என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவள் கைக்குத் தெரியப்போவதில்லை, அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். சில மாடல்கள் ஓ.டி.ஜி என்ற சின்ன இணைப்பு ஒயர் வழியாக ஆண்ட்ராய்டு போனோடும் சேரும். மடிக்கணினியை மூத்தவன் எடுத்துப்போன நாளில் அது கைகொடுக்கும், வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள். வரைவதற்கு கிரிட்டா என்ற மென்பொருள் முழுக்க இலவசம்.

ஒரு சிரமம் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கை கீழே பலகையில் ஓடும், கண் மேலே திரையைப் பார்க்கும். தொடக்கத்தில் வட்டம் போட்டால் கோழிமுட்டையாக வரும். "இது சரிப்படாதுப்பா" என்று அவள் தூக்கி வைக்கக்கூடும். தினமும் அரைமணி நேரம் கோடும் வளைவும் மட்டும் போட்டால் சில வாரங்களில் கை பிடிபட்டுவிடும். அந்த நாட்களில் வீட்டில் யாரும் காசு வீணாகிவிட்டது என்று பேசாமல் இருந்தால் போதும்.

மொபைல் கேமில் ஒரு பாத்திரம் திரையில் கட்டைவிரல் அளவுதான் தெரியும். அந்தப் படத்தை 512 அல்லது 1,024 பிக்சல் சதுரத்துக்குள் வரைந்தாலே தாராளம். சினிமா போஸ்டர் அளவுக்குப் பெரிய படம் வரைந்து அடுக்கடுக்காக லேயர் போடுகிறவர்களுக்குத்தான் அதிக ராம் (கருவியின் நினைவகம்), விலை கூடிய கருவி எல்லாம் வேண்டும். கேம் படத்துக்கு 5,000 ரூபாய்ப் பலகை எந்த வகையிலும் தடையாக இருக்காது.

தனி டேப்லெட் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓராண்டு கழித்து, நிரல் எழுதுவதை விட வரைவதுதான் தன் வழி என்று அவளே முடிவு செய்தால், அப்போது வாங்கலாம். ஐபேடில் மட்டும் ஓடுகிற ப்ரோக்ரியேட் அருமையான மென்பொருள், ஒருமுறை காசு கட்டினால் போதும். சாம்சங்கில் போனால் எஸ் பென் என்ற அவர்களின் பேனாவை ஏற்கிற மாடலா என்று பாருங்கள். டேப் ஏ9 போன்ற மலிவு மாடல்கள் அந்தப் பேனாவை ஏற்காது. டேப் எஸ்6 லைட்டில் பேனா பெட்டியிலேயே வரும். நுனியில் ரப்பர் வைத்த நூறு, இருநூறு ரூபாய்ப் பேனாவைக் கடைக்காரர் எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள், அது விரலுக்குச் சமம்.

அப்படித் திரை உள்ள டேப்லெட் வாங்கப் போகும்போது மகளையும் கூட்டிப்போங்கள். பேனாவைக் கையில் கொடுக்கச் சொல்லி, ஒரு கோட்டை மெலிசாகத் தொடங்கி அழுத்தி முடிக்கட்டும், தடிமன் மாறவேண்டும். பிறகு ஒரு சாய்வுக்கோட்டை மிக மெதுவாக இழுக்கட்டும். அலை அலையாக நெளிந்தால் அந்தத் திரை வேண்டாம். உள்ளங்கையைத் திரையில் பதித்துக்கொண்டே வரையட்டும், கை பட்ட இடத்திலெல்லாம் கறை விழக்கூடாது.

மண்டபத்தில் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் வீடு இருக்கும்போது உப்புக்காற்று சார்ஜ் துளையைத்தான் முதலில் தின்னும். திண்ணையில் விடாதீர்கள், துணிப்பையில் சுற்றி அலமாரியில் வையுங்கள். பலகை மேல் மணல் இருக்கும்போது பேனாவை ஓட்டினால் கீறல் நிச்சயம். வரைய உட்காரும்முன் உலர்ந்த துணியால் ஒரு துடை.

தவணை விஷயம். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த ரெண்டு மாதமும் தவணை மட்டும் நிற்காமல் வரும். மகளின் படிப்புக்கென்று வாங்கிய பொருள் வீட்டில் சண்டைக்குக் காரணமாவதை நான் பல குடும்பங்களில் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். மிச்சமாகும் பணத்தைக் கல்லூரிச் சேர்க்கைக்கு வையுங்கள்.

"கேம் என்றால் சூதாட்டம் இல்லையா" என்று வீட்டில் அண்ணி பயப்படுவதாகச் சொன்னீர்கள். பயம் நியாயம்தான். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடை செய்திருக்கிறது. உங்கள் மகள் செய்ய நினைப்பது அதுவல்ல. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுக்கு நடுவே வலையில் சிக்காமல் ஓர் ஆவுளியாவைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் விளையாட்டு. அதை அண்ணியிடம் அவளே வரைந்து காட்டி விளக்கட்டும்.

வேலை கிடைக்குமா என்பதற்கும் நேராகவே பதில் சொல்கிறேன். சென்னை, பெங்களூரு, ஐதராபாத், புனே நகரங்களில் கேம் நிறுவனங்கள் இருக்கின்றன. ஆனால் 2023, 2024-இல் உலகம் முழுக்க இந்தத் துறையில் ஆட்குறைப்பு நடந்தது. ஆகவே படிப்பு அகலமாக இருக்கட்டும். அரசு கவின் கலைக் கல்லூரிகள் சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ளன. ஐ.ஐ.டி-களில் வடிவமைப்புப் பட்டம் படிக்க யூசீட் தேர்வு உண்டு, பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்தவர்களும் எழுதலாம். அதில் ஒரு பகுதி தாளில் கையால் வரைவது. எந்த டேப்லெட்டும் அந்த அறைக்குள் போகாது. எனவே அந்த நோட்டும் பேனாவும் நிற்கவே கூடாது. கூடவே, முடித்த கேம் ஒன்று கையில் இருந்தால் கல்லூரிக்கும் வேலைக்கும் பேசும். பிளே ஸ்டோரில் வெளியிட 25 டாலர் பதிவுக் கட்டணம், கணக்குத் தொடங்க 18 வயதும் ஆகியிருக்கவேண்டும். அதுவரை இட்ச் (itch.io) என்ற கேம் தளத்தில் காசில்லாமல் ஏற்றலாம்.

அடுத்த முறை ராமநாதபுரம் வரும்போது அந்த மடிக்கணினியையும் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு மகளோடு வாருங்கள். காடோவையும் கிரிட்டாவையும் ஏற்றி, ஓடுகிறதா என்று பார்த்துவிடுவோம். ஓடினால் அன்றைக்கே பென் டேப்லெட்டுக்கு ஆர்டர் போட்டுவிடலாம்.