புது மீனை எத்தனை நாள் தனியாக வைக்க வேண்டும்?

கேள்வி: 200 லிட்டர் நன்னீர்த் தொட்டியில் கப்பி, டெட்ரா, கோரிடோரஸ் மீன்களை இரண்டு வருடமாக வளர்க்கிறேன். போன மாதம் புதிதாக எட்டு டெட்ரா வாங்கி நேராக அதே தொட்டியில் விட்டேன். வாங்கும்போது பளிச்சென்றுதான் இருந்தன. ஒரே வாரத்தில் உப்பைத் தூவியது போல உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. பழைய மீன்களுக்கும் பரவி, பாதிக்கு மேல் செத்துவிட்டன. இனி தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகுதான் சேர்ப்பது என்றிருக்கிறேன். எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்? ஃபில்டர், மணல், செடி எல்லாம் தேவையா? முதல் நாளே மருந்து ஊற்றிவிடலாமா? மூன்று நாள் வைத்தால் போதும் என்கிறார் மீன் விற்றவர். சரிதானா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மூன்று நாள் போதவே போதாது. குறைந்தது நான்கு வாரம். ஆறு வாரம் பொறுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் தொட்டிக்கு வந்தது வெண்புள்ளி நோய். மீன் வளர்ப்பவர்கள் 'இக்' என்பார்கள். இக்தியோப்திரியஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணியின் வேலை இது. நீங்கள் பார்த்த ஒவ்வொரு புள்ளியும் மீனின் மேல்தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்று வளரும் ஓர் உயிர். வளர்ந்து முடித்ததும் மீனை விட்டு உதிர்ந்து, தொட்டியின் தரையிலோ செடியிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொள்ளும். உள்ளேயே பிரிந்து பிரிந்து நூற்றுக்கணக்கில் பெருகி வெளியே நீந்தி வரும். அப்படி வந்தவை ஓரிரு நாளில் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் செத்துப்போகும். தண்ணீர் 25 டிகிரியில் இருந்தால் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். குளிர்ந்த தண்ணீரில் வாரக்கணக்கில் இழுக்கும். வாங்கிய அன்று செவுளுக்குள் இரண்டு மூன்று ஒட்டுண்ணி இருந்திருந்தால் யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. அடுத்த சுற்றில் பெருகிய பிறகுதான் உடம்பில் தெரியும்.

இக் மட்டும்தான் பயம் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு வாரமே போதும் என்றுகூடச் சொல்வேன். ஆனால் செவுள் புழுக்கள் முட்டையிட்டுப் பெருகுபவை, அவை தெரியவர நாள் பிடிக்கும். கமல்லானஸ் என்ற குடல்புழு மீனின் ஆசனவாயில் சிவப்பு நூல் போல எட்டிப் பார்க்கப் பல வாரம் எடுத்துக்கொள்ளும். உங்களிடம் கப்பி இருப்பதால் சொல்கிறேன், குட்டி போடும் மீன்களில் இந்தப் புழுவை அடிக்கடி பார்க்கலாம். நான்கு வாரக் கணக்கு இவற்றையெல்லாம் சேர்த்துத்தான். நடுவில் இன்னொரு மீன் வாங்கி அதே தொட்டியில் போட்டீர்களானால் எல்லோருக்கும் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கும்.

அடுத்தது ஃபில்டர். தனித்தொட்டி வைக்கிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். காலித் தொட்டியில் புதுத் தண்ணீர், புது ஃபில்டர், புது மீன் என்று ஒரே நாளில் போட்டுவிட்டு, ஐந்தாம் நாள் மீன் மேலே வந்து வாயைப் பிளந்தால் 'நோயோடுதான் வந்திருக்கிறது' என்பார்கள். பெரும்பாலும் அது நோயல்ல, அம்மோனியா. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா புது ஃபில்டரில் இருக்காது. தானாகக் குடியேற ஒரு மாதம்கூட ஆகும். அதனால் ஏர் பம்ப்பில் ஓடும் சாதாரண ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றை வாங்கி, மீன் வாங்குவதற்கு நான்கு வாரம் முன்பே பெரிய தொட்டியின் ஒரு மூலையில் ஓடவிடுங்கள். புது மீன் வரும் நாளில் அதை எடுத்துத் தனித்தொட்டிக்கு மாற்றினால் பாக்டீரியா தயாராக இருக்கும். மாற்றும்போது குழாய்த் தண்ணீரில் கழுவிவிடாதீர்கள். குளோரின் எல்லாவற்றையும் கொன்றுவிடும்.

உங்கள் விஷயத்தில் ஒரு தடை உண்டு. போன மாதம்தான் பெரிய தொட்டியில் இக் வந்திருக்கிறது. பிழைத்த மீன்களில் கடைசிப் புள்ளி மறைந்து நான்கு வாரமாவது சுத்தமாகக் கடந்த பிறகு அந்தத் தொட்டியில் ஸ்பாஞ்சைப் போடுங்கள். அவசரப்பட்டால் பழைய தொட்டியின் நோயைப் புது மீனுக்கு நீங்களே கொண்டுபோய்க் கொடுத்ததாகிவிடும்.

தொட்டி அளவு பெரிய விஷயமில்லை. டெட்ரா, கப்பி போன்ற சின்ன மீன்கள் ஏழெட்டுக்கு 60 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள கண்ணாடித் தொட்டி தாராளம். தங்கமீன் என்றால் இது பத்தாது, அதற்கு இரண்டு மூன்று மடங்கு வேண்டும். மணல் வேண்டாம், கல் வேண்டாம். வெறும் தரையில்தான் மீனின் எச்சம் எப்படியிருக்கிறது என்று பார்க்க முடியும். கழிவையும் குழாயால் உறிஞ்சி எடுக்கலாம். சில மருந்துகளைச் சுண்ணாம்புக் கல் இழுத்துக்கொள்ளும் என்பது இன்னொரு காரணம். ஆனால் மீன் ஒளிய இடமில்லாமல் மொட்டையாக விட்டுவிடாதீர்கள். பயத்திலேயே நோய் வந்துவிடும். இரண்டு மூன்று பிவிசி குழாய்த் துண்டு, ஒரு பிளாஸ்டிக் செடி போதும். ஹீட்டர் வைத்து 25 டிகிரியை ஒட்டி நிறுத்துங்கள். தங்கமீனுக்கு அவ்வளவு சூடு தேவையில்லை. மூடி கட்டாயம், புது இடத்தில் மீன் துள்ளும். விளக்கு வேண்டாம்.

தொட்டியைப் பெரிய தொட்டிக்குப் பக்கத்திலேயே வைக்காதீர்கள். காற்றுக் குமிழி உடையும்போது தெறிக்கும் நுண்துளியோடு ஒட்டுண்ணியும் போகும். வேறு அறையில் வைக்க முடிந்தால் நல்லது, இல்லையென்றால் இரண்டு மீட்டராவது தள்ளி வையுங்கள். வலை, வாளி, உறிஞ்சு குழாய் எல்லாம் இதற்கென்று தனி. நிறம் மாற்றி வாங்கினால் வீட்டில் வேறு யாராவது தீனி போட வந்தாலும் குழம்ப மாட்டார்கள். தினமும் முதலில் பெரிய தொட்டி வேலை, பிறகுதான் தனித்தொட்டி. வரிசை மாறக் கூடாது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் உறை போட்டுக்கொள்ளுங்கள். மீனைத் தாக்கும் ஒருவகை மைக்கோபாக்டீரியா காயத்தின் வழியாக மனிதர் தோலிலும் ஆறாத புண்ணை உண்டாக்கும்.

மீன் வந்த நாளில் பையை அரை மணி நேரத்துக்கு மேல் போகாமல் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். ரொம்ப நேரம் பயணம் செய்து வந்த பை என்றால், அதைத் திறந்து வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரைக் கலந்து மணிக்கணக்கில் உட்காராதீர்கள். மூடிய பையில் மீன் விடும் கரியமில வாயுவால் தண்ணீரின் பிஎச் (அமில-கார அளவு) இறங்கியிருக்கும். அந்த நிலையில் அம்மோனியா பெரும்பகுதி ஆபத்தில்லாத அம்மோனியமாக அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏற, அடங்கியிருந்தது நஞ்சாக மாறும். திறந்ததும் வலையில் வடித்து மீனை மட்டும் தொட்டியில் விடுங்கள், பைத் தண்ணீர் ஒரு சொட்டும் சேர வேண்டாம். அன்றைக்குத் தீனி கிடையாது. மறுநாள் ஒரு சிட்டிகை.

அதன் பிறகு உங்கள் வேலை பார்ப்பதுதான். காலையில் அறை மங்கலாக இருக்கும்போது கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து மீனின் மேல் அடியுங்கள். வெல்வெட் என்ற இன்னொரு ஒட்டுண்ணி நோய் நேராகப் பார்த்தால் தெரியாது, சாய்ந்த ஒளியில் பொன்தூள் தூவியது போல மின்னும். இரண்டு செவுள் மூடியும் ஒரே மாதிரி திறந்து மூடுகிறதா, ஒரு பக்கம் மட்டும் இறுகி இருக்கிறதா என்று பாருங்கள். துடுப்பை மடித்து உடம்போடு ஒட்டிக்கொள்வது, குழாயில் போய் உரசுவது, தீனியை வாயில் போட்டுத் துப்புவது எல்லாம் புள்ளி வருவதற்கு முந்தைய அறிகுறிகள். எச்சம் வெள்ளையாக நூல் போல நாள்கணக்கில் வந்துகொண்டிருந்தால் குடலைச் சந்தேகியுங்கள். வாயோரம் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் பிடித்தால் பூஞ்சை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோயும் அப்படித்தான் இருக்கும், அது ஓரிரு நாளில் தொட்டியையே காலி செய்துவிடும். இதனால்தான் எதற்கெடுத்தாலும் ஹீட்டரை 30 டிகிரிக்கு ஏற்று என்கிற யோசனை எனக்குப் பிடிப்பதில்லை. இக்கின் சுற்றை அது வேகப்படுத்தும், உண்மை. வந்திருப்பது காலம்னாரிஸ் என்றால் அதுவும் சேர்ந்து வேகமாகும்.

முதல் இரண்டு வாரம் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் டெஸ்ட் கிட்டில் தினமும் பாருங்கள். இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். லேசாக நிறம் மாறினாலும் அன்றே கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். மாற்றும் தண்ணீருக்கு ஆன்ட்டி குளோரின் போட்டே ஆக வேண்டும். ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போகும், சில இடங்களில் குழாய்த் தண்ணீரில் அதற்குப் பதிலாகச் சேர்க்கும் குளோரமின் போகாது.

மருந்துக்கு வருகிறேன். அறிகுறி இல்லாத மீனுக்கு முதல் நாளே மருந்தை ஊற்றுவது எனக்கு உடன்பாடில்லை. பயணக் களைப்பில் இருக்கும் மீனின் செவுளுக்கு அது இன்னொரு சுமை. மெத்திலீன் ப்ளூ போட்டால் ஃபில்டரில் இருக்கும் பாக்டீரியாவும் செத்து, நான்கு வாரம் வளர்த்த ஸ்பாஞ்ச் வீணாகும். ஆன்டிபயாட்டிக்கை முன்னெச்சரிக்கையாகப் போடவே கூடாது. நோய்க்கிருமி மருந்துக்குப் பழகிவிட்டால் நிஜமாகத் தேவைப்படும் நாளில் அது வேலை செய்யாது. லிட்டருக்கு 1 கிராம் உப்பு மட்டும் ஆரம்பத்தில் போடலாம். நைட்ரைட் ரத்தத்தில் ஏறுவதை உப்பிலுள்ள குளோரைடு தடுக்கும். கப்பி இதை விரும்பியே ஏற்கும். கோரிடோரஸ் மாதிரி செதிலில்லாத, கெளுத்தி வகை மீன்களுக்கு உப்பிலும், மாலக்கைட் கிரீன் என்ற இக் மருந்திலும் கை தாராளமாக இருக்கக் கூடாது. தண்ணீர் ஆவியானாலும் உப்பு உள்ளேயே இருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள்: குறைந்த மட்டத்தை நிரப்ப வெறும் தண்ணீர், மாற்றிய தண்ணீருக்கு மட்டும் அந்த அளவுக்கு உப்பு.

நோய் இன்னதென்று தெரிந்து மருந்து போடும்போது தண்ணீரைக் கணக்கிட்டுப் போடுங்கள். மேலே சொன்ன தொட்டியில் 27 செ.மீ. உயரம் தண்ணீர் இருந்தால் 60 × 30 × 27, அதாவது 48.6 லிட்டர். ஃபில்டரில் கார்பன் இருந்தால் எடுத்துவிடுங்கள், மருந்தை உறிஞ்சிவிடும். இக் மருந்து நீந்தித் திரியும் ஒட்டுண்ணிக் குஞ்சைத்தான் கொல்லும். தோலுக்கு அடியில் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் தொடாது. புள்ளி மறைந்த அன்றே நிறுத்தினால் எல்லாம் திரும்ப வரும். செவுள் புழுவுக்குப் பிராசிகுவான்டெல் கேட்கும். கமல்லானஸுக்கு அது பயன்படாது, லெவாமிசோல் வேண்டும். அளவை மீன் நோய் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள்.

நான்காவது வாரம் முடியும்போது மீன் எல்லாம் நன்றாக இருந்தால், பெரிய தொட்டியிலிருந்து பழைய மீன் ஒன்றைப் பிடித்துத் தனித்தொட்டியில் விட்டுப் பாருங்கள். புது மீன் நோயைச் சுமந்துகொண்டு தான் மட்டும் தாக்குப் பிடிக்கிறதா என்பது அந்த ஒன்றில் தெரிந்துவிடும். பழைய மீன் சுமப்பது புது மீனுக்கு வருகிறதா என்பதும் தெரியும். இதற்கு இன்னும் இரண்டு வாரம் கொடுங்கள். ஆறு வாரம் என்று சொன்னது இதையும் சேர்த்துத்தான்.

செடியும் நத்தையும் வாங்கினால் அவற்றுக்கும் தனிமை உண்டு. மீன் இல்லாத தண்ணீரில் 25 டிகிரியில் இரண்டு வாரம் இருந்தால் இக்குக்கு ஆள் கிடைக்காமல் அழிந்துவிடும்.

எல்லாம் முடிந்ததும் 5 சதவீத ப்ளீச்சை லிட்டருக்கு 10 மி.லி. வீதம் கலந்து தொட்டியையும் குழாய்த் துண்டுகளையும் அரை மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசி, வெயிலில் ஈரமே இல்லாமல் காயவிடுங்கள். தனித்தொட்டித் தண்ணீரைக் குளத்திலோ ஓடையிலோ ஊற்ற வேண்டாம். நோய் வந்து போன தொட்டியின் ஸ்பாஞ்சைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், பெரிய தொட்டிக்குத் திரும்பக் கொண்டுபோகாதீர்கள். அடுத்த முறைக்கு இன்னொரு ஸ்பாஞ்சைப் பெரிய தொட்டியில் அப்போதே ஓடவிட்டு வைத்தால், நல்ல மீன் கண்ணில் படும் நாளில் ஒரு மாதம் காத்திருக்க வேண்டியிருக்காது.