புகார் சொன்னால் வேலை நிலைக்குமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வந்து சேராத சரக்குக்குப் பில் போட்டுப் பணம் கொடுக்கப்படுவதைக் கண்டு மேலாளரிடம் சொன்னேன். ‘உங்கள் வேலையைப் பாருங்கள்’ என்றார். மேலிடத்துக்கு எழுதினால் சட்டம் என்னைக் காப்பாற்றுமா? பெயர் போடாமல் எழுதலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

காப்பாற்றும் என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. இத்தகைய சட்டங்கள் பெரும்பாலும் பழிவாங்கப்பட்ட பின்பு நிவாரணம் கேட்கவே வழி செய்கின்றன. அந்த நிவாரணமும் நீங்கள் யாரிடம், எப்போது, எந்த வடிவில் சொன்னீர்கள் என்பதைப் பொறுத்தே கிடைக்கும்.

அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு டாட்-ஃபிராங்க் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்துக்குள் மட்டும் முறையிட்டு, பங்குச் சந்தை ஆணையத்துக்கு எழுதாமல் இருந்தவருக்கு அச்சட்டத்தின் பாதுகாப்புப் பொருந்தாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. அவருக்குத் துணை நின்றிருக்கக்கூடிய இன்னொரு சட்டத்தின்படி 180 நாட்களுக்குள் மனுக் கொடுத்திருக்க வேண்டும், அவர் கொடுக்கவில்லை. முதலில் தன் நிறுவனத்திடமே சொன்ன ஒருவர் அதனாலேயே வெறுங்கையோடு நின்றது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு நெறிமுறை இதைவிட மேலானது. அதன் வரம்புக்குள் வரும் புகார்களில், புகாருக்குப் பின் ஊழியர் நீக்கப்பட்டால், புகார் அதற்குக் காரணமல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு நிறுவனத்தைச் சேர்கிறது. பெயரின்றி எழுதியவர் பின்னர் அடையாளம் காணப்பட்டாலும் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. அரசு ஊழியர்களின் ஊழல் பற்றிப் புகார் தருவோருக்காக இந்தியாவில் 2014இல் இயற்றப்பட்ட சட்டமோ பெயரில்லாப் புகாரை ஏற்பதில்லை (அது இன்னும் நடைமுறைக்கே வரவில்லை என்பது வேறு கதை). தவிர, ஒரு பில்லைப் பார்க்கக்கூடியவர்கள் அலுவலகத்தில் மூன்று நான்கு பேர்தான் என்றால், பெயரை மறைத்தும் பெரிய பயன் இராது.

ஆகவே, முதலில் உங்களுக்குப் பொருந்தும் சட்டத்தையும் கெடுவையும் தொழிலாளர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டறியுங்கள். பிறகு, மேலாளரிடம் வாயால் சொன்னதைத் தேதியிட்ட மின்னஞ்சலாக எழுதுங்கள். பில் எண், தொகை, சரக்கு வரவுப் பதிவேட்டில் அதற்குரிய பதிவு இல்லாமை ஆகிய மூன்றும் அதில் இருந்தால் போதும். யார் திருடினார் என்ற ஊகம் வேண்டாம். உங்கள் பணிக்குத் தொடர்பில்லாத கோப்புகளை அள்ளிக்கொண்டு வராதீர்கள், அதையே காரணம் காட்டி உங்களை வெளியேற்ற முடியும். முந்தைய ஆண்டுகளின் பணி மதிப்பீட்டு அறிக்கைகளையும் இப்போதே பத்திரப்படுத்துங்கள். ‘வேலை சரியில்லை, அதனால் நீக்கினோம்’ என்பதுதான் நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில்.