சோற்றை விலக்கியவருக்கு இரவில் வரும் பசி

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து 33 வயது ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். தங்கையின் கல்யாணத்துக்கு முன் சோற்றை அறவே நிறுத்தி ஐந்து மாதத்தில் ஏழு கிலோ குறைத்தவருக்கு, ஒரு வருடத்துக்குள் ஒன்பது கிலோ ஏறிவிட்டது. இப்போது காலையில் வெறும் பிளேன்டீயோடு பாடசாலைக்குப் போகிறார். மத்தியானம் இரண்டு கிரீம் கிராக்கர். இரவில் எல்லோரும் படுத்த பிறகு, மிஞ்சிய ரொட்டியையும் டின்பாலையும் அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு அழுகிறார். "டயட் இல்லாமல் சாப்பாட்டோடு சமாதானமாக இருக்க முடியுமா? எனக்கு மனக்கட்டுப்பாடு போதாது என்று, உடம்பு மெலியப் பவுடர் கொடுத்த அக்கா சொல்கிறார். எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்கிறார்.

காலையிலிருந்து தொடங்குங்கள், சகோதரி. உங்களுடைய சிக்கல் இரவில் நடப்பதாகத் தோன்றுகிறது. ஆனால் அது காலை ஆறு மணிக்கே ஆரம்பித்துவிடுகிறது. பகல் முழுவதும் பட்டினி கிடந்த உடம்பு, தடுப்பார் யாருமில்லாத நேரம் பார்த்துத் தனக்குச் சேர வேண்டியதை வசூலிக்கிறது. இதில் மனக்கட்டுப்பாட்டுக்கு அதிக வேலை இல்லை. 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 ஆரோக்கியமான ஆண்களை ஏறத்தாழ ஆறு மாதம் அரைப் பட்டினியில் வைத்துப் பார்த்தார்கள். முன்பு சாப்பாட்டைப் பற்றிப் பெரிதாக நினைத்தே பார்த்திராதவர்கள், சமையல் புத்தகங்களைச் சேகரிக்கவும், கனவிலும் பேச்சிலும் சாப்பாட்டையே சுற்றி வரவும் தொடங்கினார்கள். கட்டுப்பாடு நீங்கிய பிறகு, வயிறு நிறைந்தும் நிறுத்த முடியவில்லை என்று சிலர் சொன்னார்கள். நீங்கள் டின்பால் டப்பாவின் முன் நிற்பதும் அதே கதைதான்.

ஆகவே காலையில் இரண்டு தேங்காய் ரொட்டியும் பருப்பும், அல்லது ரொட்டியும் ஒரு முட்டையும் சாப்பிட்டுவிட்டுப் புறப்படுங்கள். மத்தியானத்துக்குச் சோறும் ஒரு கறியும் போஞ்சியோ கீரையோ கட்டிக்கொண்டு போங்கள். பாடசாலை விட்டு வந்ததும் ஏதாவது சாப்பிடுங்கள். இரவுச் சாப்பாட்டைத் தட்டில் போட்டு, உட்கார்ந்து சாப்பிடுங்கள். மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு மேல் வயிற்றைக் காய விடாதீர்கள். அளவுக் கரண்டியும் கலோரிக் கணக்கும் இப்போதைக்கு வேண்டாம்.

உட்காருவதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. என் தாயார் கொழுந்து எடுத்தவர். மத்தியானத்தில் கூடையை இறக்கிவைத்துவிட்டு, படங்கை விரித்து உட்கார்ந்து, துணியில் சுற்றிய ரொட்டியைப் பிரித்து, விரல் நுனியால் சம்பலைத் தொட்டுத் தொட்டு, அவசரமில்லாமல் மென்று சாப்பிடுவார். வயிறு நிறைந்ததும் மிச்சத்தை அதே துணியில் முடிந்துகொள்வார். அதே தாயார் வீட்டுக்கு வந்ததும், எல்லோருக்கும் போட்டுவிட்டு, அடுப்பருகே நின்று, சட்டியை வழித்துச் சாப்பிடுவார். எவ்வளவு சாப்பிட்டார் என்று அவருக்கே தெரியாது. கவனத்தோடு சாப்பிடுதல் என்று இன்று வகுப்பு வைத்துக் கற்றுக்கொடுப்பதை மலையில் அவர் தினமும் செய்தார். வீட்டில் அவருக்கென்று ஒரு தட்டு இருக்கவில்லை. உங்களுக்கென்று ஒரு தட்டை எடுத்துவையுங்கள். முதல் நான்கைந்து வாய்க்காவது தொலைபேசியைத் தள்ளிவைத்துவிட்டு, ருசியைக் கவனியுங்கள். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குச் சரியாகப் போய்ச் சேர ஏறத்தாழ இருபது நிமிடம் ஆகும் என்பதால், மெதுவாகச் சாப்பிடுவது வெறும் பண்பாட்டு விடயம் அல்ல. டின்பால் வேண்டுமென்றால் அதையும் சிறு கிண்ணத்தில் ஊற்றி, விளக்கைப் போட்டு, உட்கார்ந்தே சாப்பிடுங்கள். ஒளித்துத் தின்பதுதான் அதற்கு அவ்வளவு ருசியைக் கொடுக்கிறது.

இனி அந்தப் பவுடர் அக்காவுக்கு வருகிறேன். "முதல் வாரத்திலேயே மூன்று கிலோ" என்பது இவர்களுடைய விளம்பரம். சோற்றையும் ரொட்டியையும் நிறுத்தினால், ஈரலிலும் தசையிலும் சேமித்திருக்கும் மாச்சத்து முதலில் செலவாகிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீர் சேர்ந்திருப்பதால், அந்தத் தண்ணீரும் கூடவே போய்விடுகிறது. தராசு காட்டும் குறைவில் பெரும்பகுதி இதுதான். ஒரு கல்யாணச் சாப்பாட்டில் அது திரும்பி வந்துவிடும். வரும்போது குற்றவாளி நீங்கள், மீண்டும் குறைக்க இன்னொரு டப்பா. வட்சப்பில் 'கோச்' என்று பெயர் போட்டுக்கொள்பவர்களில் பலர் கொமிஷனுக்கு வேலை செய்பவர்கள். உங்களையும் இன்னும் நான்கு பேரைச் சேர்க்கச் சொல்வார்கள். மெலிய வைக்கும் தேயிலை என்று தேயிலை விளையும் நாட்டுக்கே கொண்டுவந்து விற்பதில் பல, வெறும் பேதி மருந்துகள். மூலிகை மாத்திரை என்று வருபவற்றில் சிலவற்றுக்குள், இருதய ஆபத்துக் காரணமாக 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலக்கப்பட்ட சிபுட்ரமின் என்ற மருந்து ஒளித்துக் கலக்கப்பட்டிருந்தது வெளிநாட்டுப் பரிசோதனைகளில் திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கிறது. மாத்திரையை மருந்தென்று சொல்லி விற்றால், தேசிய ஒளடதங்கள் ஒழுங்குமுறை அதிகார சபையின் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

இவர்களுக்குச் சந்தை இருப்பதற்கு எங்கள் சுகாதாரத் துறையும் காரணம். கிளினிக்கில் மூன்று மணித்தியாலம் வரிசையில் நின்றவருக்கு ஒன்றரை நிமிடத்தில் "உடம்பைக் குறைங்க" என்று சொல்லிவிட்டு, ஓட்ஸ், ஒலிவ் எண்ணெய், அப்பிள் என்று அச்சடித்த தாளைக் கையில் கொடுக்கிறோம். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சமையலறையைக் கண்ணால் கண்ட ஒருவர் அந்தத் தாளை எழுதியிருக்க மாட்டார். தோட்ட வைத்திய நிலையமொன்றில் போசாக்கு நிபுணர் இருந்து நான் இதுவரை கண்டதில்லை.

ஒரேயொரு விடயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். "பசித்தால் மட்டும் சாப்பிடு" என்ற அறிவுரையை, சீனி வருத்தத்துக்கு இன்சுலினோ, கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரையோ எடுப்பவர் கேட்கக் கூடாது. உங்கள் தாயார் அப்படியானவர் என்றால், கிளினிக் கொப்பியைப் பார்த்து மாத்திரையின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். மெட்ஃபோமின் மாத்திரை மட்டும் எடுப்பவருக்கு, சாப்பிடாவிட்டால் இரத்தத்தில் சீனி அளவுக்கு மீறி இறங்கிவிடும் ஆபத்து மிகக் குறைவு. மேலே சொன்ன மருந்துகளை எடுப்பவர்களோ பசித்தாலும் பசிக்காவிட்டாலும் நேரத்துக்குச் சாப்பிட்டே ஆக வேண்டும். கந்த சஷ்டி விரதம் என்று சாப்பாட்டை விட்டு மாத்திரையை விடாமல் போட்டவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். பனி மூடிய குளிரிலும் உடம்பு வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால், இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். தெளிந்ததும் ரொட்டியோ சோறோ கொடுங்கள். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மாத்திரையால் இறங்கிய சீனி சில மணித்தியாலத்தில் மறுபடியும் இறங்கக்கூடும் என்பதால், தெளிந்துவிட்டார் என்று வீட்டிலேயே வைத்திருக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். விரதம் இருக்க விரும்பினால், அதற்கு முன்பே வைத்தியரிடம் சொல்லி மாத்திரையின் அளவை மாற்றிக்கொள்ளலாம். அதைக் கேட்பதற்கு யாரும் வெட்கப்படத் தேவையில்லை.

உங்களுக்கு முதல் இரண்டு மூன்று வாரம் இரவில் அந்த இழுப்பு வரத்தான் செய்யும். வந்தால் சாப்பிடுங்கள், தட்டில். அடுத்த நாள் காலைச் சாப்பாட்டை அதற்குத் தண்டனையாக விட்டுவிடாதீர்கள். சுற்று மறுபடியும் தொடங்குவது அந்த இடத்தில்தான். தராசைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, வாரத்தில் எத்தனை இரவு அடுப்படிக்குப் போகாமல் தூங்கினீர்கள் என்று மட்டும் நாட்காட்டியில் குறியுங்கள். சாப்பிட்டதை வாந்தியெடுக்கவோ, பேதி மருந்து குடிக்கவோ தொடங்கியிருந்தால், இவ்வளவோடு நிறுத்தாமல் வைத்தியரைப் பாருங்கள். பேசுவதற்கு ஆள் வேண்டுமென்றால் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழைக்கலாம்.