பாப்புவா நியூ கினிக்குப் பாடம் நடத்தப் போகலாமா?

கேள்வி: அரசு தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வயது 61. பாப்புவா நியூ கினியின் மலைக்கிராமப் பள்ளி ஒன்றில் ஆறு வாரம் தன்னார்வலராகப் பாடம் நடத்த ஓர் ஏஜென்சி அழைக்கிறது. விமான டிக்கெட் தவிர்த்து இரண்டரை லட்சம் கட்டச் சொல்கிறார்கள். "இந்த வயசுல எதுக்கும்மா?" என்கிறான் மகன். போகலாமா?

- வாசகி, திண்டுக்கல்

பதில்: இந்த ஏஜென்சியோடு போகாதீர்கள் டீச்சர். ஆசையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஆறு வாரத்தில் பிள்ளைகளின் பெயர் பழகவே பாதி நாள் ஓடிவிடும், முப்பது வருஷம் வகுப்பில் நின்ற உங்களுக்குத் தெரியாததா? அதிலும் இந்த நாட்டில் 800க்கும் மேற்பட்ட மொழிகள். கிராமத்துப் பிள்ளை வீட்டில் ஒரு மொழி பேசும், வெளியூர்க்காரர்களிடம் டோக் பிசின் பேசும், வகுப்பில் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டும். தொடக்க வகுப்பைத் தாய்மொழியில் நடத்திவந்த முறையைக் கைவிட்டு, 2013இல் முதலிலிருந்தே ஆங்கிலம் என்று அரசு மாற்றியது. நீங்கள் போய் ஆங்கிலத்தில் பாடம் நடத்தினால், ஏற்கெனவே நன்றாகப் படிக்கும் நாலு பிள்ளைகளுக்குத்தான் புரியும்.

நான் ஊகமாகச் சொல்லவில்லை. கென்யாவில் மைக்கேல் கிரெமர் குழுவினர் பள்ளிகளுக்கு இலவசப் பாடநூல் கொடுத்துப் பார்த்தார்கள். முன்வரிசைப் பிள்ளைகளின் மதிப்பெண்தான் ஏறியது. அங்கும் ஆங்கிலப் புத்தகம்தான். பலருக்கு அது மூன்றாவது மொழி. (கிரெமருக்கு 2019இல் பொருளாதார நோபல் கிடைத்தது.) ஆகவே பெட்டி நிறையப் புத்தகம் சுமந்து போகும் எண்ணம் இருந்தால் அதையும் இறக்கி வைத்துவிடுங்கள்.

உங்களிடம் இருக்கும் சரக்கு வேறு. ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்பை வைத்துச் சமாளித்திருப்பீர்கள். செயல்வழிக் கற்றல் வந்தபோது அட்டைகளோடு பிள்ளைகளைத் தரையில் குழுக்களாக உட்கார வைத்திருப்பீர்கள். அங்கேயும் ஒதுக்குப்புறப் பள்ளிகளில் ஓர் ஆசிரியர் பல வகுப்பைப் பார்ப்பது வழக்கம். அந்த ஆசிரியரின் பக்கத்தில் நின்று கைப்பழக்கத்தைப் பகிர்வதுதான் உங்கள் வேலை. அவர் சில நாள் பள்ளிக்கு வராவிட்டால் உடனே சோம்பேறி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். சம்பளம் எடுக்கவே நகரத்துக்கு நடந்தும் படகிலும் போகவேண்டிய ஊர்கள் அங்கே நிறைய.

இதற்கு ஒரு வருஷமாவது வேண்டும். ஐ.நா. தன்னார்வலர் அமைப்பின் இணையதளத்தில் பதிவு செய்து வையுங்கள். அவர்கள் கட்டணம் வாங்குவதில்லை, மாதப்படியும் தருகிறார்கள். ஆனால் இடம் காலியாக இருக்கும் நாட்டுக்குத்தான் போக முடியும். பாப்புவாதான் வேண்டும் என்று அடம்பிடிக்க முடியாது. வேறு யார் கூப்பிட்டாலும் ஒன்று கேளுங்கள்: ஆள் வேண்டும் என்று அந்தப் பள்ளித் தலைமையாசிரியர் கேட்டாரா? மழுப்பினால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

மகனின் பயத்தை ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். வயது பெரிய விஷயமில்லை. ஆனால் தலைநகர் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து மலைப்பகுதிக்குச் சாலையே கிடையாது, விமானம்தான். இருட்டிய பிறகு பெண்கள் தனியாக வெளியே போவது ஆபத்து. மலேரியாவும் உண்டு, அதில் ஒரு வகை ஈரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்துத் திரும்ப வரும். தடுப்பு மாத்திரை உங்கள் உடம்புக்கு ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேளுங்கள், முட்டியையும் காட்டுங்கள். அவசரத்துக்கு விமானத்தில் தூக்கி வரும் செலவையும் ஏற்கும் காப்பீடு இல்லாமல் எந்த நாட்டுக்கும் கிளம்பாதீர்கள்.

ஏஜென்சிக்கு முன்பணம் கட்டிவிட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. கட்டியிருந்தால் போனில் பேசிக்கொண்டிருக்காமல், திருப்பித் தரச் சொல்லி இந்த வாரமே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.