பரிசாக வந்த கறிவேப்பிலை, ரொறன்ரோக் குளிர்: கேள்வி பதில்

ஸ்காபரோவில் ஜன்னலோரம் கறிவேப்பிலை வளர்க்கத் தொடங்கிய காலத்தில் மூன்று கன்றுகளைக் கொன்றிருக்கிறேன். இப்போது இருப்பது நாலாவது; என் தோள் உயரம். அந்த அனுபவத்தை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

அக்கா, வேலையிடத்தில் ஒருவர் "கறி பிளான்ற்" என்று ஒரு சாடி தந்தார். இலை சாம்பல் நிறம், ஊசி மாதிரி. கறித்தூள் மணக்கிறது. இது கறிவேப்பிலையா? (மார்க்கம்)

இல்லை, தங்கச்சி. இது ஹெலிகிரைசம், மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடி, சூரியகாந்திக் குடும்பம். நம் கறிவேப்பிலை எலுமிச்சை, தோடை குடும்பம். இரண்டுக்கும் பெயரில் மட்டும்தான் உறவு. தாளிதத்தில் போட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள். ஆனால் மஞ்சள் பூவுக்காக வைத்திருக்கலாம். குளிர்காலத்தில் உறைபனி படாத, வெளிச்சமான, குளிர்ச்சியான இடம் போதும். தண்ணீர் மிகக் குறைவாக விடுங்கள். ஈரத்தில் நின்றால் செத்துவிடும்.

மாமி ஒரு சின்னக் கன்று தந்தா. கறிவேப்பிலை என்கிறா, அவர் வேம்பு என்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது? (பிராம்ப்டன்)

ஒரு இலையைக் கசக்கி முகருங்கள், சண்டை முடிந்துவிடும். வேம்பென்றால் சிற்றிலையின் ஓரம் வாள் பல் போல வெட்டியிருக்கும், கடித்தால் கசக்கும். இன்னொன்றும் குழப்பும்: வாசப்பூவுக்காக வளர்க்கும் ஒரேஞ் ஜாஸ்மின். அதுவும் கறிவேப்பிலையின் நெருங்கிய சொந்தம்தான். ஆனால் அதன் ஈர்க்கில் பளபளக்கும் சிற்றிலைகள் மூன்று முதல் ஒன்பது வரைதான் இருக்கும், பழம் சிவப்பு. வளர்ந்த கறிவேப்பிலை ஈர்க்கில் பதினொன்றுக்கு மேல் எண்ணலாம், பழம் கறுப்பு. சின்னக் கன்றில் எண்ணிக்கை குறைவாக இருக்கும், அதனால் மூக்கை நம்புங்கள்.

எப்போது உள்ளே எடுப்பது?

இரவு வெப்பம் 10 பாகைக்குக் கீழே போகுமுன். இங்கே செப்டெம்பர் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் உறைபனி வரட்டும் என்று காத்திருந்துதான் என் முதல் கன்று போனது. எடுக்குமுன் இலையின் அடிப்பக்கத்தையும் ஹோஸால் நன்றாகக் கழுவுங்கள். அந்த நேரத்தில் சாடி மாற்ற வேண்டாம். அதை வசந்தத்தில் செய்யலாம்.

டிசெம்பரில் இலை முழுக்கக் கொட்டிவிட்டது. எறிந்துவிடவா? (மிசிசாகா)

ஐயோ, வேண்டாம்! தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது, தூங்குகிறது, அவ்வளவுதான். வெளிச்சமும் சூடும் குறைந்தால் இந்தச் செடி இலையை உதிர்த்துவிடும். அங்கேதான் நாம் பிழை விடுகிறோம்: பாவம், வாடுகிறது என்று தினமும் தண்ணீர் ஊற்றுகிறோம். இலை இல்லாத செடி தண்ணீரைக் குடிக்காது, வேர் அழுகும். என் இரண்டாவதும் மூன்றாவதும் அப்படித்தான் போயின. விரலை ஒரு அங்குலம் மண்ணில் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். தெற்குப் பார்த்த ஜன்னல் நல்லது. இல்லையென்றால் செடி வளர்க்கும் எல்இடி லைற்றை 12 மணி நேரம் போடுங்கள். ஹீற்றர் காற்று வரும் துவாரத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பசளை மார்ச் வரை வேண்டாம்.

இலை பிசுபிசுக்கிறது, தண்டில் பழுப்புப் புள்ளிகள்.

செதில் பூச்சி. நகத்தாலோ பழைய பல் துலக்கும் பிரஷாலோ சுரண்டி எடுங்கள். பிறகு செடிக்கென்று விற்கும் சோப்புக் கரைசலை வாரம் ஒருமுறை அடியுங்கள். ஒரு தடவையில் போகாது.

புளித்த மோர் ஊற்றலாமா? அம்மா ஊரில் அப்படித்தான் செய்வா.

ஊரில் முற்றத்து மண்ணுக்குச் சரி. இங்கே மூடிய வீட்டுக்குள் மணமும் வரும், மண்ணில் சின்னக் கறுப்புக் கொசுவும் வரும். கோடையில் வெளியே வைத்தபின் தண்ணீர் கலந்து கொஞ்சம் விட்டுப் பாருங்கள்.

ஊரிலிருந்து கன்று கொண்டுவரலாமா?

வேண்டாம். வெளிநாட்டு மண்ணை உள்ளே விடமாட்டார்கள். தோடை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் ஒரு பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும். அமெரிக்காவில் இந்த இலைக்கே கட்டுப்பாடு இருப்பது அதனால்தான். இங்கே யாரிடமாவது வேரில் முளைத்த பக்கக்கன்று கேளுங்கள், சந்தோஷமாகத் தருவார்கள்.

திரும்ப வெளியே எப்போது?

மே 24 நீண்ட விடுமுறைக்குப் பிறகு, இரவுக் குளிரைப் பார்த்து. முதல் பத்து நாள் நிழலில் வையுங்கள். நேரே வெயிலில் வைத்தால் புது இலை வெந்துவிடும். அதற்கு முன், மார்ச்சில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வரும். கிள்ளியதை அன்றைக்கே சாம்பாரில் போடுங்கள்.