பிராட்லா ஆணையிட மறுத்தாரா?

கேள்வி: கல்லூரிப் பேச்சுப் போட்டியில், 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து நாத்திகர் சார்லஸ் பிராட்லா பற்றி ஏழு நிமிடம் பேசப்போகிறேன். ‘கடவுள் பெயரால் ஆணையிட மறுத்து எம்.பி. பதவியை இழந்தவர்’ என்று தொடங்கலாமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: வேண்டாம். விவரம் தெரிந்த நடுவர் இருந்தால் முதல் வரியிலேயே மதிப்பெண் போய்விடும். பிராட்லா மறுக்கவில்லை, அவரை ஆணையிட விடவில்லை.

1880-ல் நார்தாம்ப்டன் தொகுதியில் வென்றதும், கடவுள் பெயர் இல்லாத உறுதிமொழி கூற அனுமதி கேட்டார். நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும் நாத்திகர்களுக்கு 1869, 1870-ஆம் ஆண்டுச் சட்டங்கள் அந்த வசதியைத் தந்திருந்தன. அது நாடாளுமன்றத்துக்கும் பொருந்தும் என்று வாதாடினார். வக்கீல் குமாஸ்தாவாக இருந்து சட்டம் கற்றவர் அல்லவா! ஆராய்ந்த குழு ஒரே ஓட்டில் நிராகரித்தது. சரி, வழக்கமான ஆணையையே எடுக்கிறேன் என்று வந்தார். கடவுளை நம்பாதவரை அந்த ஆணை கட்டுப்படுத்தாது என்று சொல்லி அதையும் தடுத்தார்கள். அந்த ஜூனில் ஓர் இரவு பிக் பென் கோபுரத்திலேயே அடைத்துவைத்தார்கள். இரண்டு கதவும் அடைபட்ட இந்த இடம்தான் உங்கள் பேச்சின் உயிர். நாலு நிமிடம் இதற்கே கொடுங்கள்.

நடுவில், சட்டச் சிக்கல் வந்தால் அவரே பொறுப்பு என்று அவை அனுமதிக்க, சில மாதம் உறுதிமொழி கூறி அவையில் அமர்ந்தார். அது செல்லாது என்று நீதிமன்றம் சொன்னதால் 1881-ல் இடம் பறிபோனது. ‘பதவி இழந்தார்’ என்பது இந்தக் கட்டத்துக்குச் சரி. அவர் விடவில்லை. 1882 பிப்ரவரியில் நேரே மேசைக்குப் போய், சட்டைப்பையிலிருந்து புதிய ஏற்பாட்டை எடுத்து, தனக்குத் தானே ஆணை செய்துகொண்டார். மறுநாளே அவையிலிருந்து நீக்கினார்கள். நார்தாம்ப்டன் மக்களும் விடவில்லை. 1880 முதல் 1885 வரை ஐந்து முறை அவரையே தேர்ந்தெடுத்தார்கள். 1886-ல் சபாநாயகர் பீல் எவர் ஆட்சேபத்தையும் ஏற்காமல் ஆணையிட வைத்தார். 1888-ல், விரும்புவோர் உறுதிமொழி கூறலாம் என்ற சட்டத்தைப் பிராட்லாவே கொண்டுவந்து நிறைவேற்றினார்.

1877-ல் குடும்பக்கட்டுப்பாட்டுப் பிரசுரம் வெளியிட்ட வழக்கை ஒரு நிமிடத்தில் முடியுங்கள். அதற்காகச் சிறையில் கிடந்தார் என்று சொல்லிவிடாதீர்கள். ஆறு மாதத் தண்டனை விதித்தது உண்மை. குற்றப்பத்திரிகையின் குறையால் மேல்முறையீட்டில் அது ரத்தானது. உடன் குற்றம் சாட்டப்பட்டவர், பின்னாளில் நம் அடையாறுக்கு வந்த அன்னி பெசன்ட்.

1889 பம்பாய்க் காங்கிரஸ் மாநாட்டுக்கு பிராட்லா வந்ததையும் சொல்லுங்கள்.

கடைசி நிமிடத்துக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள்: அவரைத் தடுத்த 1880-ஆம் ஆண்டுத் தீர்மானத்தை 1891 ஜனவரி 27-ல் அவைக் குறிப்பிலிருந்தே நீக்கினார்கள். நினைவிழந்து கிடந்த அவருக்கு அது தெரியாது. 30-ஆம் தேதி இறந்தார்.